காலி டேங்கரின் அருமை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் காரும் செல்போனும்தான் நினைவுக்கு வரும். 2021 ஏப்ரலில் தமிழ்நாடு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, ஸ்ரீபெரும்புதூர் ஐநாக்ஸ் ஆலையின் திரவ ஆக்சிஜனுக்காக.

அதன் மூலப்பொருள் வெறும் காற்று. காற்றை அழுத்தி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, திரவமாகும் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, ஆக்சிஜன் மைனஸ் 183-இல். இந்த 13 டிகிரி வித்தியாசத்தில், உயரமான கோபுரத்துக்குள் நைட்ரஜன் ஆவியாகி மேலேற, வெளிர்நீல ஆக்சிஜன் அடியில் தங்குகிறது. அதில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும்.

திரவ ஆக்சிஜன் டேங்கரில் மருத்துவமனைத் தொட்டிக்குப் போகிறது. தொட்டியை ஒட்டி நிற்கும் அலுமினியக் குழாய்களைப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் அவற்றின்மேல் வெண்பனி படிந்திருக்கும். உள்ளே ஓடும் திரவம் வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வாயுவாகிறது.

கொரோனா இரண்டாம் அலையில், ஆலையிலிருந்து மருத்துவமனை வரையிலான இந்தச் சங்கிலி திணறியது. ஏப்ரல் 25 அன்று, மருத்துவம் தவிர்த்த பயன்பாட்டுக்குத் திரவ ஆக்சிஜன் தருவதை மத்திய அரசு தடுத்தது. அதே நாளில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து 80 கிலோலிட்டரை வெளிமாநிலங்களுக்குத் திருப்பியதை ரத்து செய்யக் கோரி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மே 14 அன்று தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிஜன் ரயில், 1,500 கிலோமீட்டருக்கும் அப்பாலிருக்கும் மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து 80 டன்னோடு சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்தது.

பெரும் தட்டுப்பாடு டேங்கர்களுக்குத்தான். திரவ ஆக்சிஜனின் கடுங்குளிரைத் தாங்க இரட்டைச் சுவர்த் தொட்டிகள் வேண்டும். அவற்றை அவசரத்தில் செய்துவிட முடியாது. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை ஆக்சிஜனுக்கு மாற்றினார்கள். நிரம்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. அதனால் விமானப்படை காலி டேங்கர்களை ஆலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நிரம்பியபின் திரும்பும் பயணம் ரயிலிலும் சாலையிலும் நடந்தது. காலி வண்டி எவ்வளவு சீக்கிரம் ஆலைக்குத் திரும்புகிறதோ, அவ்வளவு உயிர்கள் பிழைக்கும்.

இந்த விநியோகச் சங்கிலி நீடிக்க, ஆலை அருகில் இருக்க வேண்டும், மருத்துவமனையில் பெரிய தொட்டி வேண்டும், மாற்று வழியும் வேண்டும். நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் கொண்டு, சுமார் 93 சதவீத ஆக்சிஜனை அங்கேயே தயாரிக்கும் கருவிகள் பிறகு அரசு மருத்துவமனைகளுக்கு வந்தன. அவற்றுக்கு லாரி தேவையில்லை. ஆனால் மின்சாரமும் வடிகட்டியும் பராமரிக்கத் தெரிந்த ஆளும் தேவை. நோயாளி சாப்பிடும்போது ஆக்சிஜன் வீணாகாமல் வால்வை மூடிவைக்கும் செவிலியரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே. நோயில்லாத ஆண்டுகளில் இவற்றுக்கெல்லாம் ஒதுக்கும் பணம்தான் அடுத்த அலையில் மூச்சாகும். அதை வீண்செலவென்று வெட்டக் கூடாது.