வளர்ந்தோர் கல்விக்கு அயலவரே ஆசிரியர்

இலங்கையில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் எனப் புள்ளிவிபரங்கள் கூறுகின்றன. 1940களில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் அது. எனினும் தமது பெயரை எழுதத் தெரிந்திருப்பது வேறு. நுண்கடன் ஒப்பந்தத்தையோ, மருந்துச் சிட்டையையோ, மத்திய கிழக்கிலிருந்து ஆங்கிலத்தில் வரும் தொழில் உடன்படிக்கையையோ தாமே வாசித்து விளங்கிக் கையொப்பமிடுவது வேறு.

மட்டக்களப்பு வாவிக்கரையில் போரும் இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பலரது பாடசாலைப் பருவத்தை இடைநடுவில் முறித்தன. ஆரையம்பதியிலும் அயலூரான காத்தான்குடியிலும் அன்று புத்தகத்தை மூடிய சிறுவர்கள் இன்று குடும்பப் பாரம் சுமப்பவர்கள். வலயக் கல்வி அலுவலகங்களின் முறைசாராக் கல்விப் பிரிவுகள் ஆற்றும் பணி மதிக்கத்தக்கதே. ஆனால் தொழில் நேரமும் கூச்சமும் பலரை வகுப்பறை வாசலிலேயே தடுத்து விடுகின்றன. அத்தகையோருக்கு உகந்தது, கட்டணம் அறவிடாத தொண்டர் ஒருவர் ஒருவருக்கு மட்டும் கற்பிக்கும் முறையாகும்.

இம்முறையின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில், லனாவோ ஏரிக்கரையில் வாழும் மறனாவோ முஸ்லிம்களிடையே 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவப் போதகர் பிராங்க் லோபாக் எழுத்தறிவுப் பணி புரிந்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் நிதி வற்றி, ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்க இயலாமற் போனது. அவ்வேளையில், கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்கவே வேண்டும் என்று மறனாவோ தலைவர் ஒருவர் வற்புறுத்தினார். பணி நின்று விடவில்லை. பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

அமெரிக்காவின் சிராகியூஸ் நகரில் 11,000க்கும் மேற்பட்டோர் வாசிக்க இயலாதிருப்பதைப் பத்திரிகையில் அறிந்த ரூத் கொல்வின் என்ற பெண்மணி, 1962இல் தொண்டர்களைப் பயிற்றத் தொடங்கினார். அவர் தோற்றுவித்த அமைப்பும் லோபாக்கின் அமைப்பும் 2002இல் ஒன்றிணைந்தன. 2024இல் 107ஆவது வயதில் அவர் மறைந்தார்.

இம்முறையின் சிறப்பு எளிமையே. கற்பவர் எதை வாசிக்க விரும்புகிறாரோ அதிலிருந்தே பாடம் ஆரம்பமாகிறது. அவர் தம் அனுபவத்தைக் கூற, தொண்டர் அதை அவ்வாறே எழுதிக் கொடுக்கிறார். தாம் கூறியதையே வாசிப்பதால் சொற்கள் விரைவில் வசமாகின்றன. 247 எழுத்துக்களையும் வரிசையாக மனனம் செய்து முடிக்கும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1990களில் நடைபெற்ற அறிவொளி இயக்கமும் மக்களின் அன்றாட வாழ்விலுள்ள சொற்களைக் கொண்டே கற்பித்தது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளோட்டவும் பெண்கள் கற்றனர். ஆங்கிலத்தையும் இலக்கணத்திலிருந்து அல்லாமல், படிவத்தில் கேட்கப்படும் பெயர், திகதி, முகவரி ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம்.

தொண்டருக்குப் பட்டம் தேவையில்லை. சிறிது பயிற்சியும் தவறாத வருகையும் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞர் யுவதிகளும் நம்மிடையே நிறைய உள்ளனர். வாரத்தில் இரு மாலை வேளைகள் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே கணிசமான பயன் விளையும். பெண்களுக்குப் பெண்களே வீடுகளில் கற்பித்தல் பொருத்தமானது. கற்பவர் காட்டும் ஆவணங்களின் இரகசியத்தைப் பேணுவது தொண்டரின் முதற் கடமையாகும்.

ஆரையம்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில் காங்கேயனோடை, பாலமுனை முதலிய முஸ்லிம் கிராமங்களும் அடங்குகின்றன. 1990இன் வன்செயல்களில் இப்பகுதியின் இரு சமூகத்தாரும் உயிர்களை இழந்தனர். அதன் வடு முற்றாக ஆறிவிட்டதெனக் கூற முடியாது. ஆயினும் இருசாராரின் தாய்மொழியும் தமிழே. கடன் பத்திரத்தின் சிறிய எழுத்துக்கள் எவரது சமயத்தையும் கேட்பதில்லை.

பத்ருப் போரில் பிடிபட்ட எழுத்தறிவுள்ள கைதிகள், சிறுவர் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெற்றதாக இஸ்லாமிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். எதிரியிடமிருந்தும் எழுத்தைப் பெறலாமெனில், அயலவரிடம் பெறத் தயங்குவானேன்? ஆரையம்பதி ஆசிரியர் ஒருவரும் காத்தான்குடித் தொழிலாளி ஒருவரும், அல்லது காத்தான்குடி ஆசிரியை ஒருவரும் ஆரையம்பதித் தாய் ஒருவரும், ஒரே தாளின்மேல் குனிந்து வாசிக்கும் அந்த ஒரு மணி நேரம் எழுத்தறிவை மட்டுமன்றி நம்பிக்கையையும் வளர்க்கும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் மனமும் இருந்தால் போதும்.