உலாவியை ஆள வந்த நால்வர்

வலை என்னும் அற்புதத்தைச் சமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டு ஜினீவாவை அடுத்த சேர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் தம் மேலதிகாரிகள் முன் வைத்த திட்டம், விஞ்ஞானிகள் எழுதிக் குவித்த ஆவணங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இருந்த இடத்திலிருந்தே தேடிப் படிக்கச் செய்வதையே பிரதான நோக்கமாகக் கொண்டிருந்தது. படிப்பவர் ஒரு பக்கத்தைக் கேட்பார். தொலைவிலுள்ள சர்வர் அதை அனுப்பும். உலாவி அதைத் திரையில் வரைந்து காட்டும். அத்துடன் காரியம் முடிந்தது. ஆவணம் படிப்பதற்கு இந்த ஏற்பாடு போதும். ஆனால் கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், பயணச்சீட்டு வாங்கவும், சலனப் படம் காணவும் ஜனங்கள் அதே உலாவியை நாடத் தொடங்கிய பிறகு, ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால்கூட முழுப் பக்கமும் வெளுத்து மறைந்து, தலைப்பு முதல் அடிவரை மறுபடி வந்து சேருமட்டும் காத்திருக்க வேண்டிய அவஸ்தை சகிக்கக்கூடியதாக இல்லை. கணினியில் நிறுவிய மென்பொருளின் விரைவும் நயமும் வேண்டும், எங்கிருந்தும் திறக்கக்கூடிய வலைப்பக்கத்தின் சௌகரியமும் வேண்டும் என்ற இரட்டை ஆசைதான், பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுக் காலம் நடத்திய ஒரு போட்டிக்கு மூலகாரணமாயிற்று.

அந்த ஆசையைப் பூர்த்தி செய்வதாக முதலில் முன்வந்தது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஜாவா. ஜாவாவில் எழுதிய 'ஆப்லெட்' என்னும் சிறு நிரல் பக்கத்தோடு கூடவே இறங்கி, எந்தக் கணினியானாலும் உலாவிக்குள் ஒரே விதமாக இயங்கும் என்பது அதன் பிரதிக்ஞை. தத்துவம் உன்னதமானதுதான்; ஆயினும் ஜாவாவின் இயந்திரம் விழித்தெழுந்து முதற் படத்தைக் காட்டுவதற்குள், அக்காலத்துச் சாமானியக் கணினியின் முன் அமர்ந்திருந்தவர் பொறுமை இழந்து வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். அதன் சாளரங்களும் பொத்தான்களும் சுற்றியிருந்த பக்கத்தோடு ஒட்டாமல் அந்நியமாகவே நின்றன.

ஜாவா கோட்டைவிட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது, சித்திரம் வரையும் ஒரு சாதாரணக் கருவியிலிருந்து பிறந்த பிளாஷ். பேனாவால் எழுதும் கணினிகளுக்கென்று ஜோனதன் கே என்பவரும் அவர் தோழர்களும் ஒரு வரைபட மென்பொருளை ஆக்கினார்கள். அந்தக் கணினிகள் சந்தையில் நிலைக்காமற் போகவே, அதையே வலையில் அசையும் படம் காட்டும் கருவியாக மாற்றினார்கள். 1996ஆம் ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கிப் பிளாஷ் என்று பெயரிட்டது. அதன் சூட்சுமத்தைச் சற்று அருகிருந்து பார்ப்பது தகும். 400 பிக்ஸல் உயரமும் 400 பிக்ஸல் அகலமும் உள்ள ஒரு படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்புவதென்றால், 1,60,000 புள்ளிகளின் வர்ணத்தையும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லியாக வேண்டும். பிளாஷோ, அப்படத்தின் வளைகோடுகள் எங்கே தொடங்கி, எப்பக்கம் வளைந்து, எங்கே முடிகின்றன என்ற சில எண்களை மட்டும், ஒரு பிக்ஸலில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகக் குறித்து அனுப்பியது. ஓர் உருவம் இடமிருந்து வலமாக நகர வேண்டுமானால், தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் சொன்னால் போதும். இடைப்பட்ட நிலைகளைப் பார்ப்பவரின் கணினியே கணித்துக்கொள்ளும். தொலைபேசிக் கம்பி வழியாக வினாடிக்கு 56 கிலோபிட்டுக்கு மேல் வராத அந்த நாட்களில், இந்தச் சிக்கனமே பிளாஷை உலகெங்கும் பரப்பியது.

பரவிய பிறகு அதற்குப் பெரிய ஆசைகள் பிறந்தன. 2000இல் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி அதனோடு சேர்ந்தது. 2002இல் மேக்ரோமீடியாவைச் சேர்ந்த ஜெரமி அல்லேர் வெளியிட்ட ஓர் அறிக்கை, மென்பொருளுக்குச் சமமான வலைப்பக்கங்களுக்கு 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்' என்று நாமகரணம் செய்தது. 2004இல், சித்திரக்காரர்களுக்கு அன்றி நிரலாளர்களுக்கென்றே ஃப்ளெக்ஸ் என்ற சாதனம் வந்தது. 2005இல் தோன்றிய யூடியூப் தன் படங்களை எல்லாம் பிளாஷ் வழியாகவே ஓட்டிற்று. அவ்வாண்டு இறுதியில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிக்கொண்டது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே, எவருடைய உதவியும் நாடாமல் உலாவியே தன் சொந்த பலத்தால் என்ன செய்யக்கூடும் என்பதை, 2005 பிப்ரவரியில் வெளியான கூகுள் மேப்ஸ் பிரத்தியட்சமாகக் காட்டியது. அந்தத் தேசப்படம், சிறு சதுரச் சில்லுகளாக வெட்டி வைக்கப்பட்டது. நாம் படத்தைப் பிடித்து இழுக்கும்போது, புதிதாகத் தென்படவேண்டிய சில்லுகளை மட்டும், உலாவிக்குள்ளேயே அமைந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நிரல் பின்னணியில் தருவித்து, ஓரங்களில் சேர்த்துக்கொண்டே போகும். பக்கம் வெளுப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. இப்படிப் பக்கத்தைக் கலைக்காமல் சர்வரோடு பேசும் வசதியை 1999லேயே தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் அளித்தது மைக்ரோசாப்ட்தான். ஆனால் அதன் முழு மகிமையை உலகம் உணர்வதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. மேப்ஸ் வெளியான அதே மாதத்தில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார்.

2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளில் போட்டி உச்சத்தை எட்டியது. 2007 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் சில்வர்லைட்டை வெளியிட்டது. மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் பந்தயங்களை அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் அதன் வழியாகவே இணையத்தில் காட்டியது. 2008 பிப்ரவரியில் அடோபி, பிளாஷ் நிரல்களை உலாவிக்கு வெளியே, தனி மென்பொருளாகவே ஓடச் செய்யும் 'ஏர்' என்பதைத் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சன் நிறுவனம், ஆப்லெட் இழந்த கௌரவத்தை மீட்பதற்காக ஜாவாஎஃப்எக்ஸை அரங்கேற்றியது. ஆக அடோபி, மைக்ரோசாப்ட், சன் ஆகிய மூவரும் ஒருபுறம். உடைமையாளர் என்று ஒருவரும் இல்லாத அஜாக்ஸ் மறுபுறம்.

இவற்றை ஒப்பிட்டு எடைபோட முனைந்தவருக்கு முதலில் புலப்பட்டது, முதல் மூன்றுக்கும் இடையே உள்ள அதிசயமான ஒற்றுமை. திரை எப்படி இருக்கவேண்டும் என்பதைக் குறிச்சொற்களாலோ வர்ணனையாலோ தனியே எழுதிவைத்து, அது என்ன செய்யவேண்டும் என்பதை வேறு இடத்தில் நிரலாக எழுதும் முறை மூன்றிலும் உண்டு. வட்டி கணிக்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம்: அசல், விகிதம், வட்டி என மூன்று கட்டங்கள். அசல் மாறும்போதெல்லாம் வட்டியைக் கணித்து மூன்றாவது கட்டத்தில் எழுது என்று பழைய ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு படியாகக் கட்டளையிட வேண்டும். ஒரு படியை மறந்தால் திரையில் பொய்க் கணக்கு நிற்கும். ஃப்ளெக்ஸிலோ நெளிவு அடைப்புக்குறிக்குள் அந்தச் சூத்திரத்தை ஒருமுறை எழுதிவிட்டால், அசல் மாறிய கணத்தில் வட்டியும் தானாக மாறும். சில்வர்லைட்டிலும், ஜாவாஎஃப்எக்ஸிலும் சொல் வேறாயினும் பொருள் இதுவே.

வேற்றுமைகளும் இல்லாமல் இல்லை. சித்திரமும் அசைவும் முக்கியமானால் அன்று பிளாஷுக்கு நிகரிருக்கவில்லை. ஓவியரும் நிரலாளரும் ஒரே கருவியில் வேலை செய்ய முடிந்தது. சி ஷார்ப் மொழியில் தேர்ந்தவர்களுக்கும், கணக்கீடு மிகுந்த அலுவலகக் காரியங்களுக்கும் 2008 அக்டோபரில் வந்த சில்வர்லைட் 2 பெரும் அனுகூலமாயிற்று. ஆனால் விண்டோஸ், மாக் இரண்டுக்கே மைக்ரோசாப்ட் அதைத் தந்தது. லினக்ஸுக்கு நாவல் நிறுவனத்தின் மூன்லைட் பின்தொடர்ந்து செல்லவேண்டியிருந்தது. ஜாவாஎஃப்எக்ஸுக்கு ஜாவா நூலகங்களின் பெருஞ்செல்வம் பின்னால் இருந்தும், யாரும் அறியாத புதிய மொழியைக் கற்கவேண்டும் என்ற நிபந்தனை முன்னால் நின்றது. சன்னை வாங்கிய ஆரக்கிள் 2011இல் அந்த மொழியையே கைவிட்டது. அஜாக்ஸோ, சலனப் படத்தையும் நுண்ணிய சித்திரங்களையும் பொறுத்தமட்டில் அன்று ஏழையாகவே இருந்தது. ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டதால், அதில் எழுதியவர் ஒரே காரியத்தைப் பல தடவை செய்யவேண்டியிருந்தது. வெறும் ஆற்றலை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்திருந்தால், அன்றைக்கு அஜாக்ஸ் கடைசி இடத்துக்கே வந்திருக்கும்.

தீர்ப்பு ஆற்றலை வைத்து அமையவில்லை. மூன்று நிறுவனங்களின் சாதனங்களும் உலாவிக்குள் வெளியிலிருந்து பொருத்தும் செருகுநிரல்களே. செருகுநிரல் என்பது பிறர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அலங்கரித்துக்கொள்வதைப் போன்றது. அறைக்குள் எத்தனை வைபவம் நடந்தாலும், வாசற்கதவின் சாவி வீட்டுக்காரர் கையில்தான். அந்த அறைக்குள் உலாவிக்கே பார்வை செல்லாது: பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் நிரலில் ஒரு படி பின்னே போவதற்குப் பதிலாகப் பக்கத்தையே விட்டு வெளியேறிவிடும், உள்ளிருக்கும் எழுத்தைத் தேடுபொறிகள் எளிதில் படிக்க இயலாது, பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் உலாவியைச் செய்தவர் அதை அடைக்க முடியாமல், செருகுநிரலின் உரிமையாளர் திருத்தி அனுப்பும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பியது ஐபோன். 2007 ஜூனில் விற்பனைக்கு வந்த அந்தக் கைபேசியின் உலாவியில் செருகுநிரல் எதற்கும் ஆப்பிள் இடம் தரவில்லை. 2010 ஏப்ரல் 29 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட பகிரங்கக் கடிதம், பிளாஷ் ஒரு தனி நிறுவனத்தின் உடைமை, மின்கலத்தை விரைவில் தீர்ப்பது, பாதுகாப்புக் குறைந்தது, விரலால் தொடும் திரைக்கன்றி எலிக்கே ஏற்றது என்று காரணங்களை அடுக்கியது. தன் கடையின் வாயிலாக அன்றி எந்த மென்பொருளும் உள்ளே நுழையாதிருப்பதில் ஆப்பிளுக்கு இருந்த சுயநலத்தை அன்றே பலரும் சுட்டினர். ஆனால் அடுக்கிய காரணங்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை. 2011 நவம்பரில் கைபேசிப் பிளாஷை அடோபி கைவிட்டு, ஃப்ளெக்ஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அதற்கு அடுத்த மாதம் வந்த சில்வர்லைட் 5தான் அவ்வரிசையில் கடைசிப் பெரும் பதிப்பு. 2015இல் கூகுள் குரோம் பழைய செருகுநிரல் முறையையே அகற்றியது. 2020ஆம் ஆண்டோடு பிளாஷுக்கும், 2021 அக்டோபரில் சில்வர்லைட்டுக்கும் ஆதரவு நின்றது.

வென்ற அஜாக்ஸ் கட்சி சும்மா இருந்து வெல்லவில்லை. 2004இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியை மென்பொருளுக்கு ஏற்றபடி விரிக்கும் யோசனையை நிராகரித்தபோது, உலாவிகளைச் செய்த மொஸில்லா, ஓபரா, ஆப்பிள் ஆகியவற்றைச் சார்ந்தவர்கள் தனியே ஒரு குழு அமைத்து அப்பணியைத் தொடர்ந்தார்கள். ஆப்பிள் தன் மாக் கணினிக்காகச் செய்த 'கேன்வாஸ்' என்னும் வரைபலகை தரநிலையில் இடம்பெற்றது. சலனப் படத்துக்கு ஒரு குறிச்சொல் பிறந்தது. 2008 செப்டம்பரில் குரோமுடன் வந்த வி8 இயந்திரம், ஜாவாஸ்கிரிப்டை உடனுக்குடன் கணினியின் சொந்த மொழிக்கு மாற்றி வேகத்தைப் பெருக்கியது. சலனப் படத்தை எந்த வடிவில் அடக்குவது என்ற சச்சரவு நெடுங்காலம் நீடித்தது. ஹெச்டிஎம்எல் 5 முறையான பரிந்துரையானது 2014 அக்டோபரில்தான். பத்து ஆண்டு என்பது மென்பொருள் உலகில் ஒரு யுகம்; அந்த யுகம் முழுவதும் வலைக்கு வேண்டிய சலனப் படத்தையும் விளையாட்டையும் பெரும்பாலும் பிளாஷே சுமந்தது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தோற்றவர்களின் சொத்து எங்கே போயிற்று என்று கேட்டால், வென்றவரின் வீட்டிலேயே இருக்கிறது என்பதே விடை. 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், திரையின் தோற்றத்தை ஒருமுறை வர்ணித்துவிட்டால், தரவு மாறும்போது திரை தானே மாறும் என்று சொன்னபோது, ஃப்ளெக்ஸில் பழகியவர்களுக்கு அது பரிச்சயமான எண்ணமாகவே பட்டது. பல மொழிகளில் எழுதிய நிரல்களைப் பாதுகாப்பான எல்லைக்குள் வைத்து, ஏறக்குறைய கணினியின் இயல்பான வேகத்தில் உலாவியில் ஓட்டும் வெப்அசெம்பிளி, 2019 டிசம்பரில் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. அது ஆப்லெட் கண்ட கனவேதான். இன்னும் விசேஷம் என்னவெனில், ரஃபிள் என்ற நிரல் அந்த வெப்அசெம்பிளியின் மேல் நின்றுகொண்டு, செருகுநிரல் இல்லாமலே பழைய பிளாஷ் சித்திரங்களை ஓட்டுகிறது. 2020 நவம்பர் முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் அத்தகைய சித்திரங்களை அதன் உதவியால் காட்டி வருகிறது.

ஆனால் ஒரு சொத்து மட்டும் முழுமையாகக் கைமாறவில்லை. நிரல் எழுதத் தெரியாத ஓர் ஓவியர், தாம் வரைந்ததைத் தாமே அசையவைத்து, ஒரே கோப்பாக்கி உலகத்தின் முன் வைக்கக்கூடிய எளிமை பிளாஷோடு குறைந்தது. இன்று அதே காரியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளும், பெரும்பாலும் ஒரு நிரலாளரின் துணையும் தேவைப்படுகின்றன. பொதுச்சொத்து என்று நாம் கொண்டாடும் தரநிலைக்கும் வேறொரு அபாயம் உண்டு: 2020 ஜனவரியில் மைக்ரோசாப்டே தன் எட்ஜ் உலாவியைக் கூகுளின் குரோமியம் மீது கட்டிக்கொண்ட பிறகு, உலாவிகளின் பெயர் பலவாயினும் உள்ளிருக்கும் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகிவிட்டன. ஆகவே, ஒரு தளத்தைத் தெரிந்தெடுக்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அது இன்று என்னென்ன வித்தை காட்டும் என்பதன்று. அதன் உரிமையாளர் நாளை மனம் மாறினால், அதை எடுத்து நடத்தும் உரிமையும் தகுதியும் வேறு யாருக்கு உண்டு என்பதே.