வடநெம்மேலி புகட்டும் பாடம்

விஞ்ஞானம் வேறு, பொதுமக்கள் வாழ்வு வேறு என்று எண்ணுவோர் மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலிக்கு ஒருமுறை சென்று வருதல் நலம். அங்குள்ள முதலைப் பண்ணையின் வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நடைபெற்று வருகிறது.

செங்கற்பட்டு வட்டாரத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் அறிந்தவர்கள். ஆயினும் அவ்வறிவுக்கு நெடுங்காலம் கிடைத்த விலை, தோல் வியாபாரிகள் தந்த சொற்பத் தொகையே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனையடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. ஆனால் இருளர்களின் ஜீவனத்தை முடக்கின.

சட்டம் நல்லதே, அதனால் பிழைப்பிழந்தோருக்கு வழி யாது? இக்கேள்வியைத் தமதாக்கிக்கொண்டவர் ராமுலஸ் விட்டேக்கர். 1943-இல் பிறந்த இவர், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியபோது முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். இருளர்களுடன் காடுமேடெல்லாம் திரிந்து பழகிய அவரது முயற்சியாலும் இருளர்களின் உழைப்பாலும் 1978-இல் இச்சங்கம் உருவாயிற்று.

வேலை முறை எளியது. அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அங்கத்தினர்கள் பிடித்து வருகின்றனர். சில வாரங்கள் பானைகளில் வைத்து, இடைவெளி விட்டு நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கின்றன மருந்து நிறுவனங்கள்.

இதன் அருமையை உழவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டனர் என்பது 2020-இல் வெளிவந்த ஆய்வின் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமத்தாரே. பிரதேசத்துக்குப் பிரதேசம் நஞ்சின் தன்மை மாறுவதால், ஒரு பகுதியின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து எங்கும் ஒரேயளவில் பயன்படுவதில்லை என்றும் விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். எனவே இத்தகைய சங்கங்கள் பிற மாநிலங்களிலும் தோன்றுதல் அவசியம்.

2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஏட்டுக்கல்வி இல்லாதாரின் அறிவுக்கு நாடு செய்த மரியாதை அது.

அங்கத்தினர்கள் ஒன்றை மனத்திற் கொள்வார்களாக: பாம்பு கடித்தால் கட்டுப்போடுதல், கீறுதல், மந்திரித்தல் யாவும் வீண். கடியுண்ட அங்கத்தை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அங்கே உயிர் காக்கும் மருந்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பும் கலந்திருக்கிறது.