கிருமிநாசினியை விருந்தாகத் தின்னும் கிருமிகள்

செருப்போடு வரக்கூடாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியும் கட்டாயம். கோவைப் பக்கத்து பவுண்டரி ஒன்றின் பின்கட்டை எட்டிப்பார்க்கப் போகிறோம். உலையிலிருந்து இரும்புக் குழம்பு ஊற்றுவதை எல்லாரும் போட்டோ எடுத்தாயிற்று. நமக்கு வேண்டியது ஷெல் கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் உரு) அடிக்கிற மெஷினும், அதன் தலைக்கு மேல் வாய் பிளந்து நிற்கிற தகரக் குழாயும்தான்.

முதலில் இந்த மணலைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். வெறும் மணல்போல விரலிடுக்கில் வழுக்கி ஓடும். ஆனால் ஒவ்வொரு மணியின் மேலும் பீனாலிக் ரெசின் பூச்சு! சுமார் 250 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்பு அச்சுக்குள் இதை ஊதினால், ரெசின் இளகும், கூடவே கலந்திருக்கும் ஹெக்சமின் உடையும், மணல் கெட்டி ஓடாக இறுகிவிடும். அச்சு திறக்கிற அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். பொன்னிறத்தில் கோர் வெளியே வரும், அதன் மேல் குப்பென்று ஒரு புகை. அம்மோனியா, பார்மால்டிஹைடு, பீனால் மூன்றும் அதில் உண்டு. பழைய கார்பாலிக் சோப்பில் குளித்து வளர்ந்தவர்களின் மூக்கு மூன்றாவது ஆளைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்.

தெரிந்த ஆள்தானே என்று நெருங்கிவிட வேண்டாம். பீனால் தோலில் பட்டால் இடம் மரத்துப்போகும், அதனால் புண்ணாவதே உறைக்காது. தோல் வழியாகவே ரத்தத்திலும் இறங்கும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 5 பங்கு மட்டுமே.

சரி, அந்தத் தகரக் குழாய் வழியே ப்ளோயர் உறிஞ்சிய புகை எங்கே போகிறது? கொல்லைப்புறத்தில் நிற்கும், புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் கோபுரத்துக்கு. உள்ளே கூடை கூடையாக பிளாஸ்டிக் வளையங்கள், மேலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசல் மழை, கீழிருந்து புகை. பீனாலுக்கு லேசான அமிலக் குணம் உண்டு. காஸ்டிக் பட்டதும் சோடியம் பீனேட் என்ற உப்பாகித் தண்ணீரோடு தங்கிவிடும். காரத்தன்மை குறைந்தாலோ, அது பழையபடி பீனாலாகி மேலே கிளம்பப் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காற்றில் இருந்த வம்பு இப்போது தண்ணீரில் இருக்கிறது, அவ்வளவே! அதற்குப் பதில் பீனாலைத் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் பிடித்து வைக்கலாம். கரி நிறைந்ததும் மாற்ற வேண்டும். 700 டிகிரிக்கு மேல் புகையை எரித்தே தீர்க்கலாம். எரிபொருள் பில்லைப் பார்த்து முதலாளிக்கு வேர்க்கும்.

இப்போதுதான் எனக்குக் கைகால் பரபரக்கிறது. இதே கோபுரத்தில் காஸ்டிக்குக்குப் பதில் சாதாரணத் தண்ணீரை ஓடவிட்டு, வளையங்களின் மேல் பாக்டீரியாவைக் குடியேற்றும் ஒரு வழியும் இருக்கிறது. வளையம் ஒன்றை எடுத்துத் தொட்டால் குளத்துப்படிப் பாசிபோல வழவழவென்றிருக்கும். அந்த வழவழப்புக்குள் சூடோமோனாஸ் புட்டிடா மாதிரி ஆட்கள் கோடிக்கணக்கில் உட்கார்ந்து பீனாலைத் தின்றுகொண்டிருப்பார்கள்!

1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குள் கிருமி புகாதிருக்க வைத்துக் கட்டியது எதைத் தெரியுமா? இதே பீனாலைத்தான். கிருமியைக் கொல்லும் மருந்தே இந்தக் கிருமிகளுக்குச் சாப்பாடு! முதலில் பீனாலோடு ஆக்சிஜனைச் சேர்த்து கேட்டகால் என்ற பொருளாக மாற்றும். பிறகு அதன் ஆறு கார்பன் வளையத்தை ஓரிடத்தில் அறுக்கும். ஆய்வகக் குடுவையில் அந்த வேலை நடக்கும்போது நீர் மஞ்சளாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறுபட்டது மேலும் உடைந்து, ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகும்; மீதி அவர்கள் உடம்பில் ஒட்டும். வளர நைட்ரஜன் வேண்டுமே? புகையோடு வருகிற அம்மோனியா இருக்கவே இருக்கிறது.

விருந்தாளிகள் ரொம்ப நாசூக்குக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 40 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடுவார்கள், அதனால் புகையைக் குளிரவைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பீனால் அளவு மிஞ்சினால் தின்பவர்களே செத்துப்போவார்கள். ஞாயிறு லீவில் பட்டினி வேறு! திங்கள் காலை எல்லா மெஷினையும் ஒரே மூச்சில் ஓட்டினால் தாங்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகத்தான் தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்து நன்றாகத் தின்று கொழுத்தாலும் தொல்லைதான். படலம் தடித்து, காற்று போக வழியில்லாமல் கோபுரம் அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பாதிப்பேரை வெளியேற்றிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.