ஏறுவது ஈசி, இறங்குவதுதான் சிக்கல்: சின்னக் குழந்தையுடன் கோட்டை மலைக்குப் போறீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூரில் லேசான குளிர். கிளம்பும்போது அக்கா தன் ஐந்து வயது மகளுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டார். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் காரை விட்டு இறங்கியபோது மணி எட்டே முக்கால். வழியில் டிபன் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி காரில் போட்டோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஆளுக்கொரு போன். கோட்டை மலை ஏற நாங்கள் செய்த ஏற்பாடு மொத்தமும் இவ்வளவுதான்.

ஏறும்போது பிரச்சினையே இல்லை. பாப்பா எங்களுக்கு முன்னால் ஓடினாள். மேலே போய் ஊரைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம். இறங்கத் தொடங்கியபோது மணி பதினொன்று. கை வைத்தால் பாறை சுட்டது. தண்ணீர் காலி. "சித்தி, கால் வலிக்குது, தூக்கு" என்று உட்கார்ந்துவிட்டாள். மாமா தூக்கிக்கொண்டார். நெஞ்சோடு குழந்தையை அணைத்துக்கொண்டால் அடுத்த படி கண்ணுக்கே தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு திருப்பத்தில் கால் சறுக்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் முழங்கையில் சிராய்ப்பு. "இன்னும் ரெண்டு அடி தள்ளி விழுந்திருந்தா..." என்று வீடு வரும்வரை அக்கா சொல்லிக்கொண்டே வந்தார்.

தப்பு எங்களுடையதுதான். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலைக்கு வந்து, வார இறுதியில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும் எல்லோருமே செய்யக்கூடிய தப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது பார்க் இல்லை, கோட்டை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். கிருஷ்ணகிரி மலை யாரும் எளிதில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அரண் கட்டப்பட்ட மலை. 1791 நவம்பரில், மூன்றாம் மைசூர் போரின்போது, கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்திய கம்பெனிப் படையால் கீழே இருந்த பேட்டையைத்தான் பிடிக்க முடிந்தது. மேல்கோட்டையில் திப்புவின் ஆட்களை அசைக்க முடியவில்லை. அந்தச் செங்குத்துப் பாதையில்தான் இன்று நாம் எல்.கே.ஜி பிள்ளையோடு போகிறோம்.

படிகள் சிப்பாய்களின் காலுக்குச் செதுக்கப்பட்டவை. சில படிகள் குழந்தையின் முழங்காலுக்கு மேல் வரும். கருங்கல், பல தலைமுறை நடந்து வழவழப்பானது. மழை பெய்தால் வழுக்கும், வெயில் ஏறினால் கொதிக்கும். எல்லா இடத்திலும் கைப்பிடிக் கம்பியை எதிர்பார்க்காதீர்கள். உச்சியில் கோட்டைக் காலத்து நீர்த்தேக்கங்கள் உண்டு. ராயக்கோட்டையிலும் அப்படித்தான். பாசி படிந்த ஓரம், ஆழம் தெரியாத தண்ணீர். மேலே போனதும் பெரியவர்கள் போட்டோவில் மூழ்கிவிடுவார்கள், குழந்தை தண்ணீரைப் பார்த்துப் போகும். என்னைக் கேட்டால் அந்த மலையில் அதிக ஆபத்தான ஐந்து நிமிடம் அதுதான். ஒருவர் போனைப் பையில் போட்டுவிட்டு குழந்தையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கணும். முறை வைத்து மாறிக்கொள்ளலாம்.

ஸ்வெட்டர் ஏமாற்றும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலுமலைக் கணவாயில் இறங்கி கிருஷ்ணகிரிக்கு வரும்போது சுமார் 400 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். அந்த இறக்கத்திலேயே இரண்டு மூன்று டிகிரி கூடிவிடும். அதற்கு மேல் வெயிலை உள்வாங்கிய பாறையின் அனல். ஓசூர் குளிரை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு போவது, நாங்கள் செய்தது போலவே, பெரிய கோட்டை விடல்.

குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வேகமாகச் சூடாகும். எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு அதிகம், வெளிச்சூட்டை சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். வியர்ப்பதும் குறைவு. தாகம் எடுத்தாலும் விளையாட்டு மும்முரத்தில் கேட்க மாட்டார்கள். ஆகவே கேட்கும்வரை காத்திருக்காமல் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடிக்க வையுங்கள். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்கணும், கெட்டியாகக் கலக்கக் கூடாது.

கவனிக்க வேண்டிய அறிகுறி அழுகை இல்லை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால், முகம் சிவந்து, தலை வலிக்குது, வாந்தி வருது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் தடவி விசிறுங்கள். குழப்பமாகப் பேசினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ 108-ஐ அழைப்பதில் தயக்கம் வேண்டாம்.

நகரத்துக்குள் மலை இருக்கிற எல்லா ஊரிலும் இந்தத் தலைவலி உண்டு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் கேமல்பேக் என்று பிரபலமான ஒரு மலை. வெயிலில் ஏறி மயங்கியவர்களை மீட்கப்போன தீயணைப்பு வீரர்களே சுருண்டு விழ, 2021 முதல் அதீத வெப்ப எச்சரிக்கை நாட்களில் அந்தப் பாதையையே பகலில் மாலை 5 மணி வரை மூடுகிறார்கள். நம் ஊரில் அப்படிப் பூட்ட கேட் இல்லை. மூட வேண்டியது நாம்தான்.

கடிகாரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்க

நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது: விடிந்ததும் ஏறத் தொடங்கணும். எட்டு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பணும். உச்சி தெரிந்தாலும் சரி, இன்னும் நாற்பது படிதான் என்று யாராவது சொன்னாலும் சரி. இதை அடிவாரத்திலேயே எல்லோரும் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். மேலே போய்ப் பேசினால் "இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்ற வாதம்தான் ஜெயிக்கும்.

இன்னொரு அளவுகோல் குழந்தையே. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று முதல் தடவை கேட்கும் இடம், அதன் சக்தியில் பாதி முடிந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி இறங்குவதற்கு வேண்டும். சின்னக் கால்களுக்கு இறங்க ஏறியதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும் என்று நம்பாதீர்கள்.

இறங்கும்போது ஒரு பெரியவர் குழந்தைக்கு ஒரு படி கீழே, பக்கவாட்டில் திரும்பி நிற்கணும். இன்னொருவர் பின்னால். உயரமான படியில் உட்கார்ந்து, காலை நீட்டி இறங்கச் சொல்லுங்கள். டிரவுசர் அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுக்கவே கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழங்கை எலும்பு இடம் நழுவிவிடும். குழந்தைகள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், விளையாட்டாய்க் கையைப் பிடித்துத் தூக்கி வந்த கேஸ் எத்தனை என்று சொல்வார். தூக்க வேண்டுமானால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

தூக்கிக்கொண்டே நடக்க நேரிடும் என்றால் முதுகில் மாட்டும் பேபி கேரியர்தான் நல்லது, இரண்டு கையும் காலியாக இருக்கும், படியும் தெரியும். தோள் மேல் உட்கார வைப்பது வேண்டாம், உங்கள் சமநிலையும் போகும், கோட்டை வாசலில் குழந்தையின் தலையும் இடிக்கும். கழுத்து நிற்காத கைக்குழந்தையை மலைக்கே கொண்டுபோக வேண்டாம். காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ. கிராக்ஸ், புதுச் செருப்பு வேண்டாம்.

குரங்கு, தேனீ, யானை

குரங்குக்கு பிளாஸ்டிக் கவர் சத்தமே அழைப்பு மணி. பிஸ்கட்டைக் குழந்தையின் கையில் கொடுத்து நடக்க விடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போகணும். பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம். கல்லெறிதல், புகை, இரண்டும் கூடாது. கலைந்து வந்தால் குழந்தையைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு விலகுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

யானை எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ராயக்கோட்டை மலைக்கு ஓசூரிலிருந்து போகும் சாலை சானமாவு காட்டை ஒட்டியது. ராகி விளையும் பருவத்தில், அக்டோபர் வாக்கில் தொடங்கி, பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருவது வருடா வருடம் நடப்பது. சானமாவு, ஊடேதுர்கம் காடுகளில் அவை முகாமிடும். விடியும் முன் அந்த ரோட்டில் பைக்கில் குழந்தையோடு போக வேண்டாம். வனத்துறை எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று முதல் நாளே செய்தியைப் பாருங்கள்.

ஊடேதுர்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லணும். வீடியோவில் பார்த்துவிட்டு "இதுவும் கோட்டைதானே" என்று கிளம்புகிறார்கள். அது காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குழுவில் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காட்டுக்குள் நடக்கணும் என்று ஆசையிருந்தால் 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். சின்னவர்களுக்கு எளிதான பாதை மட்டும், அதுவும் பெற்றோருடன்.

அப்போ எங்கேதான் போறது?

ஐந்து வயது வரை, ஓசூரிலேயே சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் போதும். படியும் உண்டு, வண்டி போகும் சாலையும் உண்டு. அந்தச் சாலைதான் முக்கியம்: குழந்தை நடுவில் மறுத்தால் திரும்ப ஒரு வழி இருக்கிறது. கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் கல்தரை சுடும் முன் போய்வரணும். பங்குனித் தேர்த் திருவிழா நாட்களில் கூட்டம் தாங்காது, அப்போது பயிற்சி வேண்டாம். அங்கே இரண்டு மூன்று தடவை அழாமல் ஏறி இறங்கிய பிறகு, ஏழெட்டு வயதில், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை பற்றி யோசிக்கலாம்.

சிவன் உடும்பு வடிவில் வந்ததாக அந்த மலைக்கு ஒரு தல புராணம் இருக்கிறது. "அந்த உடும்பு இன்னும் அங்கே இருக்கா சித்தி?" என்று பாப்பா மூன்று நாளாகக் கேட்கிறாள். வரும் ஞாயிறு ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். இந்தத் தடவை தண்ணீர் மூன்று லிட்டர். அக்காவும் நானும் பாப்பாவோடு படியில். மாமா காரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருப்பாராம். முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை என்கிறார்.