ஏல எண்ணெய்க்கு ஒரு நுண்ணுறை

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் ஏலக்காயின் விலையை முதலில் தீர்மானிப்பவை பச்சை நிறமும் பருமனும். 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மதிப்பு. வாசனையோ பெரும்பாலும் தோலில் இல்லை, உள்ளிருக்கும் விதையில் இருக்கிறது. விதையின் மேல்தோலுக்கு அடியில் ஒற்றை வரிசையாக அமைந்த எண்ணெய்ச் செல்கள்தான் அதைக் காத்து வைக்கின்றன. இடித்த பொடி சீக்கிரம் மணம் இழப்பது, அந்தச் செல்கள் உடைந்துபோவதால்.

அந்த எண்ணெயில் பல பொருள்கள் உண்டு. அவற்றில் மிகுதியானவை இரண்டு. ஒன்று சினியோல், யூகலிப்டஸ் தைலத்தில் மூக்கில் ஏறுகிறதே, அதே பொருள். மற்றது இனிய மணம் தரும் ஆல்ஃபா டெர்பினைல் அசிடேட். சினியோல் விரைவில் பறந்துவிடும், அசிடேட் தங்கி நிற்கும். ஆகவே திறந்து வைத்த எண்ணெயில் மணம் குறைவதோடு அதன் குணமும் மாறுகிறது. இப்படிப் பறந்துபோகாமல் எண்ணெயைப் பொடித்துகளுக்குள் பூட்டிவைக்கும் மெல்லிய உறைதான் நுண்ணுறை. பல பொருள்களை ஒரே நுண்ணுறைக்குள் அடைப்பவர்களுக்கு இதுதான் பெரிய சவால்: எல்லாவற்றையும் உள்ளே வைப்பதோடு, அவற்றுக்கிடையே உள்ள விகிதத்தையும் காக்க வேண்டும்.

மும்பையின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜியில் ரேகா சிங்கலின் குழு ஏலக்காய்ச் சாற்றெண்ணெயை வைத்தே இதை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டது. வேலம்பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், மாற்றியமைத்த ஸ்டார்ச் ஆகியவற்றின் கரைசலில் எண்ணெயைக் கலக்கிச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தினார்கள். துளியின் மேற்பரப்பு உலர்ந்து இறுகும்போது, சிறிய நீர் மூலக்கூறு அதன் வழியே வெளியேறிவிடும். பெரிய மண மூலக்கூறு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உறை என்பது இந்த நுட்பமான வேறுபாட்டில் பிறப்பது. மூன்றையும் 4:1:1 என்று கலந்த உறை, பிசினை மட்டும் பயன்படுத்திய உறையைவிட நன்றாகக் காத்தது.

அவர்கள் மொத்த எண்ணெயை அளந்ததோடு நிற்கவில்லை. சினியோல் எவ்வளவு, அசிடேட் எவ்வளவு என்று ஆறு வாரம் தனித்தனியே பின்தொடர்ந்தார்கள். இதுவே சரியான முறை என்பேன். மொத்தக் கணக்கு மட்டும் பார்த்தால், ஒன்று ஓடிப்போனது தெரியாது.

ஒரே உறைக்குள் எண்ணெயில் கரைவதையும் நீரில் கரைவதையும் சேர்த்து ஏற்றுவது இன்னும் கடினம். நீர்த்துளியை எண்ணெய்த்துளிக்குள் வைத்து, அதை மறுபடி நீரில் மிதக்கவிடும் இரட்டைக் குழம்பு இதற்கு ஒரு வழி. அது எளிதில் உடையும். அதைக் கட்டிக்காப்பதே தனி வேலை.

ஏலமலைத் தோட்டக்காரருக்கு இந்த நுண்ணுறை வேலையில் என்ன இருக்கிறது? சரியாக உலராமல் வெளுத்துப்போன காய்க்கு ஏலத்தில் விலை இறங்கிவிடுகிறது. ஆனால் நிறம் போனதால் மட்டும் விதையின் எண்ணெய் போய்விடாது. அந்த எண்ணெயைப் பிரித்து நுண்ணுறைப் பொடியாக்கும் வேலை மலையடிவாரத்திலேயே நடந்தால், கண்ணுக்குத் தோற்ற காய்க்கும் அதன் மணத்துக்குரிய விலை கிடைக்கும்.