லூப் விரியலையா? சாம்பிளைக் கொட்டிடாதீங்க!

நிக்கல் நானோ துகள் செய்யறது சமையல் மாதிரிதான். நிக்கல் குளோரைடை எத்திலீன் கிளைக்காலில் கரைத்தால் பச்சை நிறம். ஹைட்ரசீன் சேர்த்தால் நீலமாகும். கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 60 டிகிரி செல்சியஸில் வைத்தால் மெல்லக் கறுக்கும். அந்தக் கறுப்புதான் உலோக நிக்கல். (ஹைட்ரசீன் விஷம். ஃப்யூம் ஹூட் இல்லாம அந்த பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க.) பக்கத்தில் காந்தத்தைக் காட்டினால் கறுப்பு மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும். சந்தோஷமா கழுவி, உலர்த்தி, வி.எஸ்.எம். கருவியில் அளக்கக் கொடுப்பீங்க.

ரிசல்ட் வந்ததும் வயிற்றைக் கலக்கும். புத்தகத்தில் பார்த்த அகலமான ஹிஸ்டெரிசிஸ் லூப் இருக்காது. போகிற கோடும் திரும்புகிற கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த 'எஸ்' வளைவு மட்டும். கோயர்சிவிட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போ நாம செஞ்சது காந்தமே இல்லையா?

காந்தம்தான். ஆனா மறதிக்காரக் காந்தம்.

பெரிய உலோகத் துண்டில் பல டொமைன்கள் இருக்கும். சில நானோமீட்டர் துகளுக்குள் ஒன்றுதான் இருக்க முடியும். துகள் முழுக்க ஒரே திசை. அந்தத் திசை புரளத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை துகளின் கன அளவைப் பொறுத்தது. துகள் சிறுத்தால் தடையும் சிறுக்கும். அறையின் வெப்பமே அதைப் புரட்டிப் போட்டுவிடும். 1949-ல் லூயி நீல் இதற்குக் கொடுத்த சூத்திரத்தில் கன அளவு எக்ஸ்பொனென்ஷியலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. விஷயமே அங்கேதான்.

கோபால்ட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. அனிசோட்ரோபி மாறிலி கன மீட்டருக்கு 4.5 லட்சம் ஜூல், முயற்சி நேரம் ஒரு நானோசெகண்ட், வெப்பநிலை 300 கெல்வின். 6 நானோமீட்டர் துகள் ஒரு மில்லிசெகண்டுக்குள் திசையை மறந்துவிடும். 7.6-ல் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். 9-ல்? சுமார் 30 வருஷம்! வெறும் 3 நானோமீட்டர் வித்தியாசம். தயாரிப்பில் எல்லாரும் 'சைஸ், சைஸ்'னு உயிரை விடுவது இதனால்தான்.

வி.எஸ்.எம். ஒரு புள்ளியை அளக்கச் சில விநாடி எடுக்கும். அதற்குள் துகள் பல தடவை புரண்டிருந்தால் லூப் எப்படி விரியும்? இதுக்குப் பேர்தான் சூப்பர்பாராமேக்னட்டிசம்.

ஆனா எல்லாத்துக்கும் இதையே காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. வளைவு எங்கேயும் படியாம நேர்கோடா ஏறினால், உலோகமே உருவாகாமல் இருந்திருக்கலாம். சாச்சுரேஷன், பெரிய நிக்கலின் கிராமுக்கு 55 இ.எம்.யூ.வைவிட ரொம்பக் குறைந்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படிந்ததா என்று எக்ஸ்.ஆர்.டி.யில் பாருங்க, மெல்லிய படலம் அதில் தெரியாமலும் போகலாம். வசதி இருந்தால் சாம்பிளைக் குளிர்வித்துத் திரும்ப அளங்க. சூப்பர்பாராமேக்னட் என்றால், பிளாக்கிங் வெப்பநிலைக்குக் கீழே போனதும் நீங்க தேடின லூப் தானா விரியும்.